மூன்றாவது பேட்டரியும் படுத்துவிட்டது: சார்ஜ் எங்கேதான் போகிறது?

தாம்பரம்வாசி | திங்கள், காலை 10.12

இன்று காலையும் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டக், டக் என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பி அலுவலகம் வந்து சேர்ந்தேன். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. இனி அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

2014ஆம் ஆண்டு தயாரிப்பு, சிறிய பெட்ரோல் கார். மூன்று வருடத்துக்கு முன் பழைய வண்டியாக வாங்கினேன். வந்தபோது இருந்த பேட்டரி நான்கு மாதத்தில் போனது. அடுத்தது இரண்டு வருடம் தாங்கியது. இப்போது இருப்பது 35 ஆம்பியர்-மணி கொள்ளளவு, வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது.

வார நாட்களில் பெரும்பாலும் தொல்லை இல்லை. வெள்ளி இரவு நிறுத்திவிட்டுச் சனி, ஞாயிறு எடுக்காமல் விட்டால் திங்கள் காலை செத்துக் கிடக்கிறது. பேட்டரிக் கடையில் ஓர் இரவு சார்ஜ் போட்டுச் சோதித்துவிட்டு, பேட்டரியில் குறை இல்லை என்கிறார்கள். மெக்கானிக் ஒருவர் டைனமோவை மாற்ற வேண்டும், 8,500 ரூபாய் என்கிறார். இன்னொருவர் பெரிய பேட்டரியாகப் போடச் சொல்கிறார். போதாக்குறைக்கு அம்மா, பின் சீட்டில் உட்கார்ந்தால் காலடி வெதுவெதுப்பாக இருக்கிறது, ஏசியையும் சேர்த்துப் பார் என்கிறார்.

எதில் தொடங்குவது?

நெடுஞ்சாலை | திங்கள், காலை 10.40

தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? வாடகை வண்டி ஓட்டுகிறவன் நான். என் வண்டியில் ஒரு பேட்டரி ஐந்து வருடம் உழைத்தது. ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு இந்த நோய் வராது. வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் எந்தப் பேட்டரியும் சாகத்தான் செய்யும்.

புதுவை65 | திங்கள், காலை 11.05

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? இரவில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள். காலையில் மாட்டுங்கள். ஒரு 10 எண் ஸ்பேனர் போதும். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

பழைய வயர்மேன் | திங்கள், பகல் 1.30

புதுவை ஐயா, கூரை ஒழுகும் இடத்தில் குண்டான் வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் ஒருநாள் குண்டான் நிறையும். இரண்டு வருடமாக உங்கள் வண்டியும் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் நீங்கள் சொன்னதன் பொருள்.

தாம்பரம் தம்பி, கோவையில் 31 வருடம் வாகன எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன் நான். இப்போது கண் சரியில்லாததால் கடையை மகனிடம் விட்டுவிட்டேன். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் இதுவரை எதையும் அளக்கவில்லை. தொட்டியை இரண்டு முறை மாற்றிவிட்டீர்கள், குழாய் சொட்டுகிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சார்ஜ் இறங்குவதற்கு மூன்றே வழிதான் உண்டு. பேட்டரிக்கே பிடித்து வைக்கும் சக்தி இல்லாமல் இருக்கலாம். வண்டி ஓடும்போது டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் ஊட்டாமல் இருக்கலாம். வண்டி தூங்கும்போது யாரோ குடிக்கலாம். எது என்று தெரியாமல் பாகம் வாங்குகிறவர்களை நம்பித்தான் பாகக் கடைகள் நடக்கின்றன.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். நானூறு, ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேட்டரியைச் சார்ஜர் போட்டு முழுதாக ஏற்றுங்கள், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஏற்றி இறக்கியதும் அளக்காதீர்கள். அப்போது 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், அது மேல்பூச்சு. சில மணி நேரம் ஆறட்டும். 12.6 இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிக்கு வந்துவிட்டது. முழுப் பேட்டரிக்கும் செத்த பேட்டரிக்கும் இடையே அரை வோல்ட்டுக்குச் சற்று அதிகம்தான் வித்தியாசம். அதனால்தான் விளக்கு எரிகிறதே, ஹாரன் அடிக்கிறதே என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது.

பிறகு மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டு வீட்டில் யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு விநாடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 9.6க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். வண்டி ஓடும்போது எவ்வளவு காட்டுகிறது என்பதையும், ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்ட பிறகு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

யாழ்_ஓட்டி | திங்கள், மாலை 4.20

வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்தில் எனக்கும் இதே கதை. என்னுடையது ஹைப்ரிட் வாகனம். பின்னால் ஒரு சின்னப் பன்னிரண்டு வோல்ற் பற்றரி இருக்கிறது. இரண்டு கிழமை நிறுத்தி வைத்தால் கதவே திறக்காது. பெரிய பற்றரியில் அவ்வளவு மின்சாரம் இருக்கும்போது இந்தச் சின்னது ஏன் சாகிறது?

பழைய வயர்மேன் | திங்கள், மாலை 5.02

பெரிய பேட்டரி, நிறுத்தியவுடன் ரிலே வழியாகத் தனியாகக் கழன்று கொள்ளும், தம்பி. அது பாதுகாப்புக்காக. கதவுப் பூட்டு, அலாரம், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் அந்தச் சின்னதன் தலையில்தான். உங்கள் வண்டியில் டைனமோவே கிடையாது. வண்டி "ரெடி" நிலையில் இருந்தால் மட்டும் ஒரு கன்வெர்ட்டர் வழியாகப் பெரியது சின்னதுக்கு ஊட்டும். வெறுமனே பாட்டுக் கேட்க ஒருமுறை பொத்தானை அழுத்தி உட்கார்ந்திருந்தால் சின்னதிலிருந்து போகுமே தவிர அதற்கு வராது. வாரம் ஒருமுறையாவது ரெடி நிலையில் முக்கால் மணி நேரம் வையுங்கள். அப்படியும் செத்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று வையுங்கள். ரிமோட் சாவியை வாகனத்துக்கு அருகிலேயே சுவரில் மாட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். சில வண்டிகள் சாவி பக்கத்தில் இருக்கிறதா என்று விழித்து விழித்துப் பார்க்கும்.

தாம்பரம்வாசி | புதன், இரவு 9.15

மீட்டர் வாங்கினேன். செவ்வாய் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டேன். அளவுகள்:

இன்று மாலை ஆறியபின் 12.64. செல்ஃப் அடிக்கும்போது 10.2 வரை இறங்கியது. வண்டி ஓடும்போது 14.2. எல்லாவற்றையும் போட்டபின் 13.7.

இன்னொன்று. டைனமோவில் டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) போயிருந்தால் ஏசி வோல்ட், அதாவது மாறுதிசை மின்சாரம், காட்டும் என்று எங்கோ படித்து, வண்டி ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். 31 வோல்ட் காட்டுகிறது! அப்படியானால் டைனமோதானா? அந்த மெக்கானிக் சொன்னது சரியா?

நெடுஞ்சாலை | புதன், இரவு 9.31

31 வோல்ட்டா? ஆபத்து. உடனே டைனமோவை இறக்கிப் பாருங்கள்.

பழைய வயர்மேன் | புதன், இரவு 9.50

யாரும் எதையும் இறக்க வேண்டாம். மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை மாற்றி வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள்.

தாம்பரம்வாசி | புதன், இரவு 10.04

பூஜ்யம் காட்டுகிறது! என்ன ஐயா இது?

பழைய வயர்மேன் | புதன், இரவு 10.20

உங்கள் மீட்டர் மலிவு மீட்டர். ஏசி அளவில் வைத்தால் உள்ளே ஒரே டயோடு வழியாக அரை அலையை எடுத்து, அதை இரண்டேகால் மடங்காகப் பெருக்கிக் காட்டும். டிசியை, அதாவது பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தை, ஒரு பக்கமாகக் கொடுத்தால் 14.2ஐ 31 என்று சொல்லும். மறுபக்கமாகக் கொடுத்தால் வாயைத் திறக்காது. இந்த 31ஐ நம்பி நல்ல டைனமோவை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல மீட்டரில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி இருந்தால்தான் டயோடைப் பிடிக்க வேண்டும். உங்களிடம் இருப்பதில் இந்தச் சோதனையே செய்ய முடியாது. மற்றபடி அது நல்ல மீட்டர்தான், வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மற்ற எண்கள் நன்றாக இருக்கின்றன. 14.2 என்றால் டைனமோ ஊட்டுகிறது. எல்லாச் சுமையும் போட்டு 13.7 என்றால் பெல்ட்டும் நழுவவில்லை. ஆக, மூன்று வழியில் ஒன்று அநேகமாக அடைந்தது. டயோடு மூலம் பின்பக்கமாக ஒழுகுவது வேறு சங்கதி. அதைப் பிறகு பார்ப்போம்.

(புது வண்டிக்காரர்கள் இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெகட்டிவ் முனையில் சின்னக் கறுப்புப் பெட்டி போல சென்சார் உள்ள வண்டிகளில் கம்ப்யூட்டரே டைனமோவைக் கூட்டிக் குறைக்கும். ஓடும்போது 12.8 காட்டினாலும் அது கோளாறு என்று அர்த்தமில்லை.)

இனி இரண்டு இரவுச் சோதனை. இந்த வார இறுதியில் நெகட்டிவைக் கழற்றாமல் விடுங்கள், வெள்ளி இரவிலிருந்து அவ்வப்போது அளந்து எழுதுங்கள். மீண்டும் முழுச் சார்ஜ் ஏற்றி, அடுத்த இரண்டு இரவு நெகட்டிவைக் கழற்றி வைத்து அதே போல் அளந்து எழுதுங்கள்.

புதுவை65 | புதன், இரவு 10.41

ஆக, கடைசியில் கழற்றத்தான் சொல்கிறீர்கள்.

பழைய வயர்மேன் | புதன், இரவு 10.44

இரண்டு இரவு மட்டும், ஐயா. இரண்டு வருடம் இல்லை.

தாம்பரம்வாசி | புதன் (அடுத்த வாரம்), காலை 7.30

செய்துவிட்டேன். வண்டியை ஒரு வாரமாக எடுக்கவில்லை. மின்சார ரயிலில் போய் வருகிறேன், அதுவும் ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

கேபிள் மாட்டியிருந்தபோது: வெள்ளி இரவு 9 மணிக்கு 12.64. சனி காலை 12.49. சனி இரவு 12.35. ஞாயிறு இரவு 12.11. அதற்கு மேல் விடப் பயமாக இருந்தது, சார்ஜரைப் போட்டுவிட்டேன்.

கேபிளைக் கழற்றியிருந்தபோது: திங்கள் மாலை 12.63. இன்று காலை 12.61.

வேதியியல் டீச்சர் | புதன், காலை 8.10

நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை, கார்களைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் இந்த எண்கள் வகுப்பில் எழுதிப் போடத் தக்கவை. கழற்றி வைத்தால் நூறில் இரண்டு பங்கு வோல்ட்தான் இறங்குகிறது. ஆக, பேட்டரி தானாக இறங்கவில்லை. மாட்டியிருந்தபோது 48 மணி நேரத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் போயிருக்கிறது. ஏறத்தாழ 55 சதவீதம் என்று வைத்தால் 35இல் 19 ஆம்பியர்-மணி. அதை 48 மணி நேரத்தால் வகுத்தால் 0.4 ஆம்பியர். ஏதோ ஒன்று இரவும் பகலும் 0.4 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து வாட் பல்பு ஒன்று எரிவதற்குச் சமம்.

பழைய வயர்மேன் | புதன், காலை 9.00

டீச்சர் அம்மா, மீட்டரை வைக்காமலேயே ஆம்பியரைச் சொல்லிவிட்டீர்கள். என் கடையில் வேலை கொடுத்திருப்பேன்.

தூங்கும் வண்டி 20 முதல் 50 மில்லி ஆம்பியர் குடிக்கலாம். கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் நினைவு, இதெல்லாம் நியாயமான செலவு. 50 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. இரண்டு வாரம் நிறுத்தலாம். உங்களுடையதில் ஒரு நாளைக்குப் பத்து போகிறது.

இனி ஆம்பியரை நேரடியாக அளக்க வேண்டும். மிகவும் கவனமாகக் கேளுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளைக்கு மாற்ற வேண்டும். மறந்து வோல்ட் துளையில் விட்டுவிடாதீர்கள். வண்டியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும். பாசிட்டிவ் பக்கம் இதைச் செய்யாதீர்கள். ஸ்பேனர் நழுவி பாடியில் பட்டால் வெல்டிங் நடக்கும்.

பானெட் திறந்திருக்கும், சில வண்டிகளுக்கு அதுவும் தூக்கத்தைக் கெடுக்கும். உள்ளே ஃபியூஸ் பெட்டியைத் தொட வேண்டும் என்பதால் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, கதவு விளிம்பில் இருக்கும் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் சொடுக்கி மூடிய நிலைக்குக் கொண்டு வாருங்கள். கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நம்பும். வேலை முடிந்து கதவைச் சாத்தும் முன் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்க மறந்தால் கதவு விளிம்பு நசுங்கும்.

மீட்டரை வைத்தவுடன் காட்டும் எண்ணை எழுதாதீர்கள். ஒரு காபி குடித்துவிட்டு, ஏன், சமையலே முடித்துவிட்டு வாருங்கள். நாற்பது நிமிடம் கழித்து நிற்கும் எண்தான் எண். அதுவரை சாவியைத் தொடாதீர்கள். செல்ஃப் அடித்தால் நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். மீட்டர் தாங்காது.

தாம்பரம்வாசி | வியாழன், இரவு 8.45

ஐயா, மன்னிக்கவும்.

எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். மீட்டர் 2.1 காட்டியது, பிறகு 0.9க்கு வந்தது. நான் சமையலறைக்குப் போனேன். அந்த நேரம் என் மகன் வந்து, அப்பா வண்டியைச் சரிசெய்துவிட்டாரா என்று பார்க்கச் சாவியைத் திருப்பிவிட்டான். மீட்டர் இப்போது ஆம்பியரில் எதுவும் காட்டுவதில்லை. வோல்ட் மட்டும் காட்டுகிறது.

பழைய வயர்மேன் | வியாழன், இரவு 9.00

உள்ளே ஃபியூஸ் போயிருக்கும், வேறொன்றும் இல்லை. பின்மூடியைக் கழற்றினால் தெரியும். என் கடையில் தொழில் பழக வந்த ஒவ்வொரு பையனும் முதல் மாதத்தில் இதைச் செய்திருக்கிறான். அதே அளவு, அதே வகை ஃபியூஸ் போடுங்கள். அலுமினியத் தாள் சுற்றிப் போடாதீர்கள்.

பையனைத் திட்டாதீர்கள்.

நெடுஞ்சாலை | வியாழன், இரவு 9.12

வீட்டு வயரிங் பார்ப்பவர்களிடம் இருக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி அளந்தால் என்ன? கழற்றும் வேலையே இல்லையே.

பழைய வயர்மேன் | வியாழன், இரவு 9.20

நல்ல கேள்வி. பெரும்பாலான கிளாம்ப் மீட்டர் ஏசிக்கு மட்டும்தான். காருக்கு டிசி அளக்கும் கிளாம்ப் வேண்டும், அதுவும் மில்லி ஆம்பியர் வரை பார்க்கக் கூடியது. விலை அதிகம். இருந்தால் ராஜ வைத்தியம்.

தாம்பரம்வாசி | சனி, மாலை 6.30

ரிச்சி தெருவுக்குப் போய் ஃபியூஸ் வாங்கி வந்தேன். சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் 2.1. ஐந்து நிமிடத்தில் 0.9. பதினைந்தாவது நிமிடத்தில் 0.42. நாற்பத்தைந்து நிமிடம் ஆகியும் 0.42லிருந்து அசையவில்லை. டீச்சர் சொன்ன 0.4 அப்படியே வந்து நிற்கிறது!

டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். உள்விளக்கும் ஸ்டீரியோவும் சேர்ந்த ஃபியூஸைப் பிடுங்கியபோது மட்டும் 0.40 ஆனது. மற்ற எதற்கும் அசைவில்லை. பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியிலும் பார்த்துவிட்டேன். 0.40 அப்படியே நிற்கிறது. இப்போது டைனமோதானே மிச்சம்?

நெடுஞ்சாலை | சனி, மாலை 6.50

நான் முதலிலேயே சொன்னேன். ஃபியூஸ் எதுவும் தடுக்காத கரண்ட் என்றால் டைனமோ டயோடு வழியாகத்தான் போகும். அந்தத் தடித்த வயருக்குச் சாதாரண ஃபியூஸ் கிடையாது.

பழைய வயர்மேன் | சனி, இரவு 7.30

நெடுஞ்சாலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. டயோடு ஒழுகினால் இப்படித்தான் காட்டும். அதைப் பார்க்க, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டைனமோவின் பின்னால் பாசிட்டிவ் நட்டைக் கழற்றி வயரை டேப் சுற்றித் தள்ளி வைத்து மீண்டும் அளக்க வேண்டும். எண் விழுந்தால் அதுதான். ஆனால் இந்த மாதிரிச் சிறிய கார்களில் டைனமோ கீழே ஒளிந்திருக்கும். கை நுழையாது. அதற்கு முன் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் எத்தனை வயர் வருகிறது? எண்ணிச் சொல்லுங்கள். ரப்பர் மூடியைத் தூக்கிவிட்டு எண்ணுங்கள்.

தாம்பரம்வாசி | சனி, இரவு 7.52

மூன்று. தடித்த கறுப்பு ஒன்று கீழே இறங்குகிறது. அடுத்தது ஃபியூஸ் பெட்டிக்குப் போகிறது. மூன்றாவது மெல்லிய சிவப்பு, கிளாம்ப் போல்ட்டில் வளையம் போட்டு முறுக்கியிருக்கிறது. கறுப்பு டேப் சுற்றியபடி என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒரு ரப்பர் துளை வழியாக உள்ளே நுழைகிறது.

முனையில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருக்கிறது. அது காரணமாக இருக்குமா?

பழைய வயர்மேன் | சனி, இரவு 7.58

உப்பு சார்ஜைத் தின்னாது, ஏறவிடாமலும் செல்ஃபுக்குப் போகவிடாமலும் தடுக்கும். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துப் போய்விடும். துடைத்து வாசலின் தடவுங்கள். அது அப்புறம்.

அந்த மூன்றாவது வயர் கம்பெனி போட்டது இல்லை. கம்பெனி வயரை யாரும் கறுப்பு டேப் சுற்றி முறுக்குவதில்லை. டேப்பைத் தடவிப் பாருங்கள், எங்காவது பருத்திருக்கிறதா?

தாம்பரம்வாசி | சனி, இரவு 8.26

இருக்கிறது! முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் விரல் தடிமனுக்கு ஒரு முடிச்சு. டேப்பைப் பிரித்தேன், பசை இளகிக் கையெல்லாம் கறுப்பு. உள்ளே பிளாஸ்டிக் குழல், அதைத் திருகினால் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். அதை எடுத்ததும் மீட்டர் 0.42லிருந்து 0.02க்கு விழுந்தது.

கை நடுங்குகிறது, ஐயா. மூன்று வருடம்!

வேதியியல் டீச்சர் | சனி, இரவு 8.30

அந்த வயர் எங்கே போய் முடிகிறது?

புதுவை65 | சனி, இரவு 8.33

டிராக்கர் கருவியாக இருக்கும். பழைய வண்டிகளில் கடன் கொடுத்தவர்கள் ரகசியமாக வைப்பதுண்டு.

பழைய வயர்மேன் | சனி, இரவு 8.40

டிராக்கருக்கு 0.4 அதிகம். தம்பி, முதல் நாள் நீங்கள் அம்மாவைப் பற்றி எழுதியது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அவர் எந்தப் பக்கம் உட்காருவார்?

தாம்பரம்வாசி | சனி, இரவு 9.35

இடப்பக்கம், பின்னால்.

கதவுப் படியின் பிளாஸ்டிக்கைத் தூக்கி வயரைப் பின்தொடர்ந்தேன். முன்னால் இருக்கும் இடப்பக்கச் சீட்டுக்கு அடியில், தரைவிரிப்புக்குக் கீழே போகிறது. ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டு, வண்டியின் விளக்குகளை அணைத்து, விரிப்பைத் தூக்கினேன். இருட்டுக்குள் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. ஒரு புத்தகம் அளவு அலுமினியப் பெட்டி. இரண்டு விரல் வைத்தேன், வெந்நீர் ஒத்தடம் போல இருந்தது.

பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர். முன்னாள் உரிமையாளர் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தார் போலிருக்கிறது. விற்கும்போது ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு இதை விட்டுவிட்டார். ஸ்பீக்கர் வயர்கள் அறுத்தபடி கிடக்கின்றன. யாருக்கும் பாடாமல், யாருக்கும் தெரியாமல், மூன்று வருடம் விழித்திருந்திருக்கிறது.

பழைய வயர்மேன் | சனி, இரவு 9.50

அதன் முனைகளைப் பாருங்கள். பாசிட்டிவ், எர்த் இரண்டுக்கும் நடுவில் ரிமோட் என்று ஒன்று இருக்கும். ஸ்டீரியோவைப் போட்டால் அங்கிருந்து 12 வோல்ட் வந்து ஆம்ப்பை எழுப்ப வேண்டும். அணைத்தால் அதுவும் தூங்க வேண்டும். அதில் என்ன வயர் இருக்கிறது?

தாம்பரம்வாசி | சனி, இரவு 9.58

இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு துண்டு வயர். பாசிட்டிவிலிருந்து ரிமோட்டுக்கு நேராக இணைத்திருக்கிறது.

பழைய வயர்மேன் | சனி, இரவு 10.05

அவ்வளவுதான். ஸ்டீரியோவில் ரிமோட் வயர் இல்லையோ, அங்கிருந்து இழுத்து வரச் சோம்பலோ, யாரோ ஒரு புண்ணியவான் குறுக்கு வழி போட்டிருக்கிறார். ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்தார், நீங்கள் இரண்டு பேட்டரிக்குப் பணம் கட்டினீர்கள். இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காதது இதுதான். வேலை செய்கிறவன் போய்விடுவான், அவன் முறுக்கிய வயர் வண்டியில் இருக்கும்.

நாளை அந்தச் சிவப்பு வயரைப் பேட்டரி முனையிலிருந்தே கழற்றிவிடுங்கள். அறுத்துத் தொங்க விடாதீர்கள். அதில் எப்போதும் கரண்ட் இருக்கும், பாடியில் உரசினால் தீப்பிடிக்கும்.

நெடுஞ்சாலை | சனி, இரவு 10.11

டைனமோ இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வார நாட்களில் கிளம்பியது ஏன்?

பழைய வயர்மேன் | சனி, இரவு 10.25

ஓர் இரவுக்கு 12 மணி நேரம் என்றால் ஐந்து ஆம்பியர்-மணிதான் போகும். 35இல் ஐந்து போனால் செல்ஃப் எடுக்கும். மறுநாள் ஓட்டத்தில் கொஞ்சம் திரும்பும். வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை 60 மணி நேரம். 25 போய்விடும். நீங்கள் முதல் நாள் கேட்ட கிலோமீட்டர் கேள்வியும் வீண் இல்லை. செல்ஃப் ஒருமுறை அடிப்பதற்கு உண்மையில் மிகக் கொஞ்சம்தான் செலவாகும், ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் ஏசி, விசிறி, விளக்கு எல்லாம் போட்டு ஊர்ந்தால் டைனமோவுக்குத் தன் செலவுக்கே சரியாக இருக்கும். பேட்டரிக்கு மிஞ்சாது. அதனால் இவர் பேட்டரி வெள்ளிக்கிழமை எப்போதுமே முழு வயிற்றோடு தூங்கப் போனதில்லை.

தாம்பரம்வாசி | ஞாயிறு, காலை 8.20

கழற்றிவிட்டேன். இந்த ஏழு மாதப் பேட்டரியையும் மாற்ற வேண்டுமா?

வேதியியல் டீச்சர் | ஞாயிறு, காலை 9.05

இங்கே நான் கொஞ்சம் பேசலாம். பேட்டரி சார்ஜ் இறங்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது, அமிலம் நீர்த்துப் போகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்தச் சல்ஃபேட் கரைந்து திரும்பிவிடும். வெறும் வயிற்றோடு நாள்கணக்கில் கிடந்தால் அது பெரிய படிகங்களாக இறுகும். பிறகு எளிதில் கரையாது. சென்னை வெயிலில் எல்லா வினையும் வேகமாக நடக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எங்கள் பாடத்தில் உள்ள தோராயக் கணக்கு.

மேலே திருகு மூடிகள் இருந்தால் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்து ஆறு அறைகளையும் பார்க்கலாம். அமிலம் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், தீக்குச்சி அருகில் வேண்டாம்.

தாம்பரம்வாசி | திங்கள், காலை 7.10

பேட்டரிக் கடைக்காரரிடமே ஹைட்ரோமீட்டர் கேட்டுப் பார்த்தேன். ஐந்து அறைகளில் 1250, ஒன்றில் மட்டும் 1220. அந்த அறையில் தண்ணீரும் சற்றுக் குறைவு. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, 3 ஆம்பியரில் இரவு முழுக்க ஏற்றினார்.

பழைய வயர்மேன் | திங்கள், காலை 7.45

முப்பது புள்ளி வித்தியாசம் பிழைத்துக்கொள்ளும். ஐம்பதுக்கு மேல் போனால்தான் அந்த அறை செத்தது என்போம். தண்ணீர் ஊற்றியதால் முதலில் இன்னும் குறைத்துக் காட்டும், ஏறி ஆறிய பிறகு பாருங்கள். இந்தப் பேட்டரி இன்னும் இரண்டு வருடம் வரும் என்று சொல்வேன், ஆனால் ஐந்து வருடக் கணக்கு போய்விட்டது. போனது போனதுதான்.

யாழ்_ஓட்டி | செவ்வாய், காலை 6.50

அண்ணா, சாவியை வாசல் சுவரிலிருந்து எடுத்து உள் அறைக்கு மாற்றினேன். ஞாயிறு ரெடியில் ஒரு மணித்தியாலம் வைத்தேன். கராஜில் மீற்றர் வைத்துப் பார்த்ததில் பற்றரிக்கும் ஆறு வயதாகிவிட்டது, மாற்றச் சொல்கிறார்கள். அளந்த பிறகு மாற்றுகிறேன் என்பதில் ஒரு திருப்தி.

புதுவை65 | செவ்வாய், காலை 7.15

வயர்மேன் ஐயா, என் பாசிட்டிவ் முனையில் நான்கு வயர் இருக்கிறது. காலையில் எண்ணினேன். இன்னும் டேப்பைப் பிரிக்கவில்லை.

தாம்பரம் தம்பி, அந்த ஆம்ப்ளிஃபயர் விற்பனைக்கா?

தாம்பரம்வாசி | திங்கள் (அதற்கடுத்த வாரம்), காலை 8.05

வெள்ளி இரவு 12.62. இன்று காலை 12.57. ஒரே திருப்பில் கிளம்பியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

புதுவை ஐயா, விற்பனைக்கு இல்லை. என் மகன் அதைப் பிரித்து மேசையில் பரப்பி வைத்திருக்கிறான்.

அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். காலடி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மார்கழியில் அது இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறார்.